பாட்டியைப் பார்க்கப் போன பையன்

14 வயசுப் பையன் ஒருத்தனைக் கூப்பிட்டு, "தம்பி, பசிபிக் சமுத்திரத்துப் பக்கம் ஒரு ட்ரிப் போறோம், வர்றியா? டிக்கெட், சாப்பாடு எல்லாம் எங்க செலவு. நடுவுல கொஞ்சம் ஃபுட்பால் ஆடணும். அப்படியே உங்க பாட்டியையும் பார்த்துட்டு வந்துடலாம்" என்று கேட்டால் என்ன சொல்வான்? பதில் சொல்வதற்கு முன்னால் பெட்டியைக் கட்டியிருப்பான்.

1994-ல் சிட்னியில் டிம் கேஹில் என்ற பையனுக்கு ஏறக்குறைய இப்படித்தான் ஒரு வாய்ப்பு வந்தது. அப்பா இங்கிலாந்துக்காரர். அம்மா சமோவாக்காரர். சமோவா என்பது நியூஸிலாந்துக்கு வடகிழக்கே, பசிபிக்கில் கிடக்கும் தீவு தேசம். (அப்போது அதற்கு மேற்கு சமோவா என்று பெயர்.) அந்த தேசத்தின் 20 வயதுக்குட்பட்டோர் அணிக்கு ஆள் வேண்டியிருந்தது. பையனின் பாட்டிக்கு அங்கே உடம்பு சரியில்லை. சமோவாவுக்கு ஆட வேண்டும் என்ற ஆசையெல்லாம் பெரிதாக இல்லை, அவர்கள் செலவில் பாட்டியைப் பார்த்துவிட்டு வரலாம், லீவு மாதிரி இருக்கும் என்றுதான் போனேன் என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார்.

நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால், எல்.டி.சி.

போனான். ஆடினான். திரும்பி வந்து மறந்தும் போனான். அந்த எல்.டி.சி.யைக் கணக்கில் வைத்துக்கொண்டிருந்த ஒரே ஆபீஸ், ஸ்விட்சர்லாந்தில் இருந்தது. ஃபிஃபா. உலக ஃபுட்பாலின் தலைமைச் செயலகம். அவர்கள் விதி என்ன என்றால், ஒருத்தன் ஒரு தேசத்துக்காக ஒரே ஒரு அதிகாரபூர்வமான போட்டியில் ஆடிவிட்டாலும் சரி, அது சின்னப் பசங்கள் போட்டியாகவே இருந்தாலும் சரி, அவன் ஆயுசு முழுக்க அந்த தேசத்து ஆள். மாற முடியாது. கல்யாணத்துக்குக் கூட சட்டத்தில் விவாகரத்து என்று ஒரு வழி இருக்கிறது. இதற்கு அதுவும் கிடையாது.

ஆக, சிட்னியில் பிறந்து, சிட்னியில் வளர்ந்து, சிட்னித் தெருவில் பந்து உதைத்துக்கொண்டிருந்த ஒரு பையன், அவனுக்கே தெரியாமல் ஆஸ்திரேலியாவுக்கு ஆட முடியாதவன் ஆகிவிட்டான்.

* * *

ஆஸ்திரேலியா என்றால் நமக்குக் கிரிக்கெட். அங்கே ஃபுட்பால் என்றால் அதுவும் நம் ஃபுட்பால் இல்லை. மெல்போர்ன் பக்கம் போய் ஃபுட்பால் என்றால் முட்டை மாதிரி இருக்கும் ஒரு பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துக்கு 18 பேர் ஓடுவார்கள். சிட்னியில் ஃபுட்பால் என்றால் ரக்பி லீக். பக்கத்துக்கு 13 பேர். அங்கேயும் முட்டைதான், அடிதடி கொஞ்சம் அதிகம். உருண்டைப் பந்தைக் காலால் உதைக்கும் சமாச்சாரத்துக்கு அங்கே 'சாக்கர்' என்று பெயர். குடியேறி வந்தவர்களின் ஆட்டம் என்று ரொம்ப நாள் ஓரங்கட்டியே வைத்திருந்தார்கள்.

க்ளப்புகளும் அப்படித்தான். கேஹில் பையனாக ஆடிய சிட்னி ஒலிம்பிக் க்ளப் கிரேக்கர்கள் ஆரம்பித்தது. பிறகு போன சிட்னி யுனைடெட், குரோஷியாக்காரர்கள் ஆரம்பித்தது. 1977-ல் தொடங்கிய தேசிய லீக் ஒன்று இருந்தது. ஆனால் அதை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது. பகலில் ஒரு வேலை, சாயங்காலம் பிராக்டீஸ். 2004-ல் அந்த லீகையே மூடிவிட்டு, அடுத்த வருஷம் ஏ-லீக் என்று புதிதாக ஆரம்பித்தார்கள். 90-களில் ஒரு பையனுக்குப் பந்து விளையாடிப் பிழைக்க வேண்டும் என்று தோன்றினால் ஒரே வழி ப்ளேன் ஏறுவதுதான்.

ஏறினார்கள். 1975-லேயே கிரெய்க் ஜான்ஸ்டன் என்ற 15 வயசுப் பையன் இங்கிலாந்தில் மிடில்ஸ்பரோ க்ளப்பில் தேர்வுக்குப் போனான். அவனை அனுப்பப் பெற்றோர் வீட்டையே விற்றார்கள். அங்கே மேனேஜராக இருந்த ஜாக் சார்ல்டன், 1966-ல் உலகக் கோப்பை ஜெயித்த இங்கிலாந்து அணியில் ஆடியவர். பையன் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு மோசமாக ஆடுகிறவனை நான் பார்த்ததே இல்லை என்கிற அர்த்தத்தில் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். விற்ற வீட்டைத் திரும்ப வாங்க முடியுமா? பையன் ஊர் திரும்பவில்லை. க்ளப்பின் கார் நிறுத்துகிற இடத்தில் சுவரில் பந்தை அடித்து அடித்துப் பழகினான். 1986-ல் லிவர்பூலுக்காக எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் கோல் போட்டான். (ஆட்டத்தை விட்டபிறகு அடிடாஸ் கம்பெனியின் பிரபலமான ப்ரெடேட்டர் ஷூவுக்கு யோசனை கொடுத்ததும் இதே ஆசாமிதான். வீட்டை விற்றது வீண் போகவில்லை.)

வீட்டை விற்றால் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. பேப்பர் வேண்டும். 1995-ல் ஹாரி க்யூவல், பிரெட் எமர்ட்டன் என்று இரண்டு ஆஸ்திரேலியப் பையன்கள் லீட்ஸ் க்ளப்புக்குத் தேர்வுக்குப் போனார்கள். க்யூவலின் அப்பா இங்கிலாந்துக்காரர், அதனால் அங்கேயே தங்கிவிட்டான். எமர்ட்டனுக்கு விசா சிக்கல், ஊர் திரும்பினான். ஆட்டத்தில் குறையில்லை, அப்பா பிறந்த ஊர் சரியில்லை! எமர்ட்டன் பிறகு ஹாலந்து வழியாகச் சுற்றி 2003-ல்தான் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். நேர் பஸ் கிடைக்காதவன் மாறி மாறிப் போகிற மாதிரி.

நம் கேஹிலுக்கு இந்தப் பிரச்னை இல்லை. அப்பா பிறந்த ஊர் இங்கிலாந்துக் கதவைத் திறந்து வைத்திருந்தது. அம்மா பிறந்த ஊர் சொந்த ஊர்க் கதவைச் சாத்தி வைத்திருந்தது. நான் பி.காம். படித்தவன். ஒரு பக்கம் வரவு, இன்னொரு பக்கம் பற்று என்று சொல்லிக்கொடுத்தபோது இவ்வளவு துல்லியமான உதாரணம் எந்த லெட்ஜரிலும் பார்க்கவில்லை.

* * *

1997. பையனுக்கு 17 வயசு. இங்கிலாந்து போய்ப் பந்து விளையாடப் போகிறேன் என்று வீட்டில் சொன்னான்.

இதே வசனத்தை நான் 17 வயதில் எங்கள் வீட்டில் சொல்லியிருந்தால் எப்படியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அப்பா பேப்பரைத் தாழ்த்தாமலே, "அப்ளிகேஷன் ஃபார்ம் வாங்கிட்டியாடா?" என்று கேட்டிருப்பார். காலேஜ் அப்ளிகேஷன். அம்மா உள்ளேயிருந்து, "என்னவாம் அவனுக்கு?" என்பாள். "ஒண்ணுமில்லே, பசிக்குதாம்." விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

கேஹில் வீட்டில் கடன் வாங்கினார்கள். வசதியான குடும்பம் இல்லை. அதிலும் பையன் எப்படிப்பட்ட பையன்? உயரம் போதாது, உருவம் போதாது என்று உள்ளூர்த் தேர்வுகளிலேயே கழித்துக் கட்டப்பட்டவன். அவனை நம்பிக் கடன். இந்த இடத்தைப் படிக்கும்போது எனக்கு ஃபுட்பால் மறந்துவிட்டது. மாசா மாசம் தவணை தேதி நெருங்கும்போது அந்த வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் ஓடியது. நம்மில் பாதிப் பேருக்கு அந்த சம்பாஷணை தெரியும். அக்கா வளையலோ, ஊரில் அரை ஏக்கரோ, நமக்காக எங்கேயோ ஒன்று கிளம்பிப் போயிருக்கும். அதைப் பற்றி வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். பேசாததுதான் கஷ்டம்.

சரி, கடன் வாங்கி எங்கே அனுப்பினார்கள்? லண்டனின் தென்கிழக்கில் மில்வால் என்ற க்ளப்புக்கு. கப்பல்துறைத் தொழிலாளிகளின் க்ளப். அதன் ரசிகர்கள் என்றால் இங்கிலாந்தில் மற்ற ரசிகர்கள் நாலு தெரு தள்ளி நடப்பார்கள். எங்களை யாருக்கும் பிடிக்காது, அதைப் பற்றி எங்களுக்குக் கவலையும் கிடையாது என்று பாட்டாகவே பாடுகிற கூட்டம். மூன்றாவது டிவிஷனில் கிடந்தது. இன்னொரு விசேஷம்: அதே 1997 ஆரம்பத்தில் மில்வால் கடன் கட்ட முடியாமல் கோர்ட் நியமித்த நிர்வாகிகள் கைக்குப் போயிருந்தது. அதாவது கடன் வாங்கிப் பையனை அனுப்பியது, கடனில் மூழ்கிய கம்பெனிக்கு! எந்த பேங்க் மேனேஜரும் இந்த ஃபைலில் கையெழுத்துப் போட மாட்டார். அப்புறம் தியோ பஃபிடிஸ் என்ற வியாபாரி க்ளப்பை வாங்கித் தூக்கி நிறுத்தினார். ஸ்டேஷனரி கடைகள் நடத்துகிறவர். நாம் ஆபீஸில் லபக்கும் பேனா, பென்சில் மாதிரி சமாச்சாரங்களை விற்றவர் புண்ணியத்தில் க்ளப் பிழைத்தது.

1998 மே மாதம் போர்ன்மவுத் அணிக்கு எதிராக முதல் ஆட்டம். 18 வயசு. 2001-ல் மில்வால் தன் டிவிஷனில் முதலாவதாக வந்து மேலே ஏறியது. அதில் கேஹிலுக்குப் பெரிய பங்கு. (மாசச் சம்பளம் வாங்க ஆரம்பித்துவிட்டதால் இனிமேல் மரியாதையாக 'அவர்' என்று எழுதுகிறேன்.)

* * *

அவர் ஆட்டத்தின் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும். உயரம் சுமார் ஐந்தடி பத்து அங்குலம். நம் பஸ்ஸில் நின்றால் உயரம். ஆனால் இங்கிலாந்து ஃபுட்பாலில், கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் தடியன்கள் ஆறடி இரண்டு, ஆறடி நாலு என்று தென்னை மரம் மாதிரி இருப்பார்கள். அவர்களுக்கு நடுவே எகிறித் தலையால் முட்டி கோல் போடுவதுதான் கேஹிலின் தனிச்சரக்கு. குட்டை என்று கழித்துக் கட்டினார்களே, அதே ஆள்.

எப்படி? சூட்சுமம் எகிறுவதில் மட்டும் இல்லை, லேட்டாக வருவதில் இருக்கிறது. பந்து ஓரத்திலிருந்து வரும் என்று தெரிந்ததும் எல்லாரும் முன்கூட்டியே போய் இடம் பிடித்து நின்றுவிடுவார்கள். நின்ற இடத்திலிருந்து எகிறினால் எவ்வளவு எகிற முடியும்? கேஹில் பின்னாலேயே எங்கேயோ சம்பந்தமில்லாத ஆள் மாதிரி திரிந்துகொண்டிருப்பார். பந்து காற்றில் பாதி தூரம் வந்தபிறகுதான் கிளம்புவார். ஓடி வந்த வேகத்தோடு எகிறுவதால் தென்னை மரங்களுக்கு மேலே தலை தெரியும். எல்லாரும் எகிறி இறங்க ஆரம்பிக்கும்போது இவர் இன்னும் மேலேயே இருப்பார். ஆபீஸுக்கு லேட்டாக வருவதை இவ்வளவு லாபகரமாகச் செய்த ஒரே ஆள் இவர்தான் என்று நினைக்கிறேன். தயவுசெய்து சூப்பரின்டென்டிடம் இந்த உதாரணத்தைக் காட்டாதீர்கள்.

கோல் போட்டதும் மூலையிலிருக்கும் கொடிக் கம்பத்திடம் ஓடிப்போய் அதை பாக்ஸிங் குத்து குத்துவார். அதுவும் பிரசித்தம். கம்பம் திருப்பி அடிக்காது.

இதையெல்லாம் நம் நாட்டிலேயே நேரில் பார்த்தவர்கள் உண்டு. 2018-ல், 38 வயதில், ஐ.எஸ்.எல். போட்டிக்காக ஜாம்ஷெட்பூர் அணியில் ஒரு சீசன் ஆடிவிட்டுத்தான் ரிட்டயர் ஆனார். டாடா ஸ்டீல் ஊருக்கும் மில்வால் தொழிலாளிப் பேட்டைக்கும் அவருக்கு அதிக வித்தியாசம் தெரிந்திருக்காது. வெயிலைத் தவிர.

* * *

மறுபடி அந்த ஃபைலுக்கு வருவோம்.

மில்வாலில் நன்றாக ஆட ஆரம்பித்ததும் ஆளுக்கு ஆள் கண் வைத்தார்கள். அப்பா வழியில் அயர்லாந்துத் தொடர்பு உண்டு என்று கண்டுபிடித்து, 2002 உலகக் கோப்பைக்கு முன்னால் அயர்லாந்து மேனேஜர் மிக் மெக்கார்த்தி இவரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று பார்த்தார். ஃபைல் திறக்கப்பட்டது. முதல் பக்கம்: மேற்கு சமோவா, 1994. ஃபைல் மூடப்பட்டது. அயர்லாந்து இவர் இல்லாமல் உலகக் கோப்பைக்குப் போய் இரண்டாவது சுற்று வரை ஆடியது.

ஆஸ்திரேலியா கூப்பிட்டாலும் அதே பதில்தான். சமோவா அணிக்கு ஆடலாமே என்று கேட்கலாம். ஆடலாம்தான். ஆனால் 2001 ஏப்ரலில் என்ன நடந்தது என்று பாருங்கள். உலகக் கோப்பைத் தகுதிப் போட்டியில் ஆஸ்திரேலியா, பக்கத்துத் தீவான அமெரிக்கன் சமோவாவை 31-0 என்று ஜெயித்தது. அச்சுப் பிழை இல்லை, முப்பத்தொன்று. ஆர்ச்சி தாம்சன் என்ற ஒரே ஆள் 13 கோல். ஸ்கோர் போர்டுக்காரருக்கே எண்ணிக்கை குழம்பிவிட்டது. அதே வாரம் கேஹிலின் 'தாய்நாடான' சமோவாவை 11-0. பிறந்து வளர்ந்த தேசம், காகிதப்படி அவருக்குச் சொந்தமான தேசத்தின் வலையில் 11 தடவை பந்தைப் போட்டது. எந்தப் பக்கம் கைதட்டுவது?

எனக்கு இந்த விதி மேல் கோபம் உண்டு. விதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது, இல்லாமல் இல்லை. அது இல்லாவிட்டால் பணக்கார தேசங்கள் ஏழை தேசத்து ஆட்டக்காரர்களைக் கூட்டம் கூட்டமாக விலைக்கு வாங்கித் தங்கள் பனியனை மாட்டிவிடும். அது சரி. ஆனால் 14 வயசுப் பையன் கையெழுத்தை நம்பி எந்த பேங்கும் கடன் கொடுக்காது.  ஆயுசு முழுக்கச் செல்லுபடியாகிற தேச ஒப்பந்தத்துக்கு மட்டும் 14 வயசு போதுமா?

2004 ஜனவரியில் ஃபிஃபா விதியைத் தளர்த்தியது. சின்ன வயசு அணியில் மட்டும் ஆடியவர்கள், இரட்டைக் குடியுரிமை இருந்தால், 21 வயதுக்குள் ஒரே ஒரு தடவை தேசம் மாறலாம். ஏற்கெனவே 21-ஐத் தாண்டியவர்களுக்கும் கொஞ்ச நாள் அவகாசம் கொடுத்தார்கள். கேஹிலுக்கு அப்போது 24. அவகாசத்தில் நுழைந்துவிட்டார்.

அப்புறம் அந்த ஒரே வருஷத்தில் நடந்ததைப் பாருங்கள். மார்ச் 30, லண்டனில் தென் ஆப்பிரிக்காவுக்கு எதிராக ஆஸ்திரேலியாவுக்கு முதல் ஆட்டம். ஐந்தே நாள் கழித்து, ஏப்ரல் 4, எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் சண்டர்லாந்துக்கு எதிராக மில்வாலின் ஒரே கோல் இவருடையது. இரண்டாவது டிவிஷன் க்ளப் இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது! மே 22, கார்டிஃபில் இறுதி ஆட்டம். எதிரே மான்செஸ்டர் யுனைடெட், 19 வயசு ரொனால்டோவோடு. 0-3. தோற்றார்கள், பரவாயில்லை. ஆகஸ்டில் ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ். அதே கோடையில் எவர்ட்டன் க்ளப் சுமார் 15 லட்சம் பவுண்டுக்கு வாங்கியது. அதாவது பிரிமியர் லீக். எவர்ட்டனுக்கு முதல் கோல் போட்ட சந்தோஷத்தில் பனியனைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டார். அப்படிச் செய்யக் கூடாது என்று ஒரு விதியாம்! ஏற்கெனவே ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்ததால் இரண்டாவது மஞ்சள், வெளியே போ. இந்த மனுஷனுக்கும் ரூல் புக்குக்கும் அப்படி என்ன பூர்வ ஜென்மப் பகையோ. ஆனாலும் அந்த சீசனில் எவர்ட்டனுக்கு அதிக கோல் இவருடையதுதான். எவர்ட்டன் நாலாவது இடம்.

வீட்டில் இன்னொரு சங்கதி. தம்பி கிறிஸ் கேஹில், சமோவா அணிக்கே ஆடினார். கேப்டனாகவும் இருந்தார். பாட்டி ஊருக்கு அந்த வீட்டிலிருந்து ஒரு ஆள் போய்த்தான் ஆக வேண்டும் என்று எழுதியிருந்தது போலும்.

* * *

2006 ஜூன் 12. ஜெர்மனியில் கைசர்ஸ்லாட்டர்ன் என்ற ஊர். ஆஸ்திரேலியா உலகக் கோப்பைக்கு வந்திருப்பது 32 வருஷம் கழித்து. 1974-ல் ஒரு தடவை வந்து மூன்று ஆட்டம் ஆடி ஒரு கோல் கூடப் போடாமல் வீடு திரும்பியவர்கள். ஆக, உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் கணக்கில் மொத்த வரவு சைபர்.

ஜப்பானோடு ஆட்டம். 26-வது நிமிஷம் நகமுரா ஒரு கோல். ஜப்பான் 1-0. கேஹில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். 53-வது நிமிஷம் கோச் ஹிட்டிங்க் எழுப்பி உள்ளே அனுப்பினார். நேரம் ஓடுகிறது. 60, 70, 80. நல்ல வெயில். ஜப்பான்காரர்கள் வாட்ச்சைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

84-வது நிமிஷம் ஓரத்திலிருந்து ஒரு நீளமான த்ரோ. கோல்கீப்பர் வெளியே வந்து தடுமாற, கூட்டத்தில் ஒரே களேபரம். பந்து கேஹில் காலடியில் வந்து விழுந்தது. உதைத்தார். உலகக் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் முதல் கோல். ஐந்து நிமிஷம் கழித்து, 89-ல், பெட்டிக்கு வெளியேயிருந்து இன்னொன்று. கம்பத்தில் பட்டு உள்ளே. கடைசியில் அலோய்ஸி வந்து ஒன்று போட, 3-1.

கார்னர் கொடிக்குக் குத்து விழுந்தது.

தலையால் கோல் போட்டே பேர் வாங்கிய மனுஷன், அன்றைக்குப் போட்ட இரண்டுமே காலால். தலைக்கு அன்று கேஷுவல் லீவு.